முப்பது வயதுக்காரன் கையில்

ஃபயாஸின் பிரியாணிக் கடையில், பழைய கிராமபோனின் பித்தளைக் குழலுக்குள் ஒரு பல்பு பட்டப்பகலிலும் எரிகிறது. கிளெமென்ட் அதை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். போன மாதம் வரை அது அவர் வீட்டில் பாடிய கிராமபோன். கிராமபோன் சேர்க்கும் கூட்டாளிகள் எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். முப்பது வயதுக்காரன் கையில் இருந்தால் இன்னும் நாற்பது வருடம் பாடும் என்று நம்பித்தான் ஃபயாஸுக்குக் கொடுத்தார். "நல்லாருக்கா மாமா? வர்றவுக எல்லாம் இதுக்குக் கீழ நின்னுதான் போட்டோ எடுக்குறாக" என்கிறான் அவன். "பாடுற பொட்டி எங்கப்பு?" என்று கேட்கிறார் கிளெமென்ட். "அது எடத்த அடைச்சுச்சு மாமா, பழைய இரும்புக்குப் போட்டாச்சு. உக்காருங்க, சாப்பிட்டுப் போகலாம்." கிளெமென்ட்டின் விரல்கள் மட்டும் சாவி முடுக்குவதுபோல் காற்றில் அசைகின்றன. கூட வந்த கூட்டாளி செபஸ்தியானுக்கு எழுபத்தாறு வயது. அந்த வயதைச் சொல்லித்தான் கிளெமென்ட் அவருக்குக் கிராமபோனைக் கொடுக்க மறுத்திருந்தார். செபஸ்தியான் தன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொல்கிறார்: "எனக்குக் குடுத்திருந்தா நான் சாகுற வரைக்குமாவது பாடியிருக்கும்லப்பா."