கதவுக்குப் புதுப்பட்டை

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, செக்போஸ்ட் அதிகாரி அர்த்தநாரி, வீரணன் வீட்டு வாசலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தியிருந்தார். வெந்நீர் வாளியில் ஊறிய பிளாஸ்டிக் பட்டையின் ஒரு நுனி அவர் கையில், மறு நுனி வீரணன் கையில். பக்கத்தில் வீரணனின் பிக்கப் வண்டி, இரண்டு கதவிலும் உள்பக்கம் எலும்பு தெரிய நின்றது.

அந்தக் கதி வரக் காரணம் இதே அர்த்தநாரிதான். தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போகக் கூடாது என்று கெடுபிடியாக இருந்த எழுபதுகள் அவை. வீரணன் வாராவாரம் வியாழக்கிழமை கம்பத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊர் சக்குபள்ளத்துக்கு மலையேறுவார். அந்த வண்டியின் கதவுப் பலகைக்குப் பின்னால் அரிசி ஒளிந்திருக்கிறது என்று குமுளி செக்போஸ்ட்டுக்கு மொட்டைக் கடுதாசி வந்தது. ஒன்றல்ல, வாரத்துக்கு ஒன்றாக ஐந்து.

ஐந்து தரமும் கதவைக் கழற்றினார்கள். கத்தரிக்காயைக் கொட்டிப் பார்த்தார்கள், சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு மணி அரிசி கிடைக்கவில்லை. பலகையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டைதான் விண்டு விண்டு விழுந்தது. மழையிலும் வெயிலிலும் கிழடு தட்டிப்போன பட்டை, ஐந்து தரம் திருப்புளி போட்டு நெம்பினால் தாங்குமா?

அடுத்த ஞாயிறு வீரணன் மகள் சின்னத்தாய்க்குக் கல்யாணம். மாப்பிள்ளையைக் கம்பத்திலிருந்து அழைத்துவரப் போவதும் இதே வண்டிதான். இது காதில் விழுந்ததும் அர்த்தநாரிக்கு வெட்கமாகிவிட்டது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், அடுத்தவர் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடாத மனிதர். ஒரு சுருள் புதுப்பட்டையைத் தன் கைக்காசில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

வீரணன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, மூலையில் மடங்கவேண்டிய இடத்தில் கோடு போட்டார். சூடு ஆறுவதற்குள் வளைத்து அழுத்தினால்தான் பட்டை மூலையில் உட்காரும்.

"புடிங்க சார், விட்டுறாதீங்க," என்றார்.

அதிகாரி விடவில்லை. விரல் சுட்டது, அப்போதும் விடவில்லை.

ஒரு கதவு முடிந்ததும் அர்த்தநாரிக்குக் கோபம் திரும்ப ஏறியது. சட்டைப் பையிலிருந்து ஐந்தாவது கடுதாசியை எடுத்து நீட்டினார். கோழி கிளறியதுபோல ஊதா எழுத்து, அடியில் பேர் இல்லை. எழுதியவன் மட்டும் கையில் அகப்படட்டும், தோலை உரித்துத் தொங்கவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தார்.

வீரணன் கடுதாசியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"விடுங்க சார். அவனும் பிள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான்."

டீயோடு வந்த அவர் மனைவி ராமுத்தாயும் அதையேதான் சொன்னாள். கல்யாண வீட்டு வாசலில் யாரையும் வைய வேண்டாம், எழுதினவரும் நல்லா இருக்கட்டும் என்றாள். இப்படியும் மனிதர்களா என்று அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. முதல்முறையாக, அடுத்தவர் வீட்டு டீயை வாங்கிக் குடித்தார்.

பேச்சு கல்யாணச் சாப்பாட்டுக்குத் தாவியது. ராமுத்தாய் முகம் வாடிப்போனாள். சம்பந்தி வீட்டார் கம்பத்தில் வயல் வைத்து, சொந்த நெல்லைக் குத்திச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் இலையில் இங்கே கிடைக்கிற ரேஷன் அரிசிச் சோற்றைப் போட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு சோற்றைச் சொல்லிச் சொல்லியே போகிற வீட்டில் மகளைக் காலமெல்லாம் குத்துவார்களே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது பொய்யழுகை இல்லை.

"நானென்னங்க அம்மிணி பண்றது, சட்டம் அப்படி," என்று அர்த்தநாரி முனகினார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், ஏற்கெனவே இறுக்கியிருந்த திருகாணியை மறுபடி இறுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு கதவும் தயாராகிவிட்டன. புதுப்பட்டை பளபளவென்று, மாப்பிள்ளையே ஒரு தரம் தடவிப் பார்ப்பார் போல இருந்தது. வீரணன் கதவைச் சாத்தித் திறந்து காட்டினார். அர்த்தநாரிக்கு மனசு நிறைந்துவிட்டது.

"ஏனுங்க, இனிமேல் நீங்க செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தவே வேண்டாமுங்க. நான் கையக் காட்டிப்போடறேன், நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருங்க."

வீரணன் ஒப்பவில்லை. ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா, கழற்றிப் பார்ப்பதுதான் முறை என்றார். அவர் சொல்லச் சொல்ல அதிகாரிக்குப் பிடிவாதம் கூடியது. ஆறாவது கடுதாசி வந்தால் பிரித்தே பார்க்காமல் அடுப்பில் போடுவேன், வியாழக்கிழமை உங்கள் வண்டியை ஒருத்தனும் தொடமாட்டான் என்று அடித்துச் சொல்லிவிட்டு குமுளி பஸ்ஸில் ஏறினார்.

பஸ் வளைவு திரும்பி மறையும்வரை புருஷனும் பெண்டாட்டியும் கும்பிட்ட கையோடு நின்றார்கள். பிறகு ராமுத்தாய் கையை நீட்டி, புருஷன் காதிலிருந்த ஊதாப் பென்சிலை உருவி எடுத்துக்கொண்டாள்.

"கடுதாசி எழுதுனது போதும். வியாழக்கிழமை அரிசிய ஏத்திட்டு வந்துருங்க."