கூண்டும் ரெண்டு குருவியும்

"அண்ணே, சாயந்தரத்துக்குள்ள சட்டை வேணும். காலையில கானாவுக்கு பிளைட்டு!" காளவாசல் தையல்கடையில் பீமாராவ் பரபரத்தான்.

டெய்லர் பால்பாண்டி துணியை விரித்தார். திறந்த கூண்டும் பறக்கிற ரெண்டு குருவியும் துணி முழுக்க இருந்தன. "என்ன டிசைன் தம்பி இது?"

"அந்த ஊருல இதுக்கு அர்த்தம் இருக்குண்ணே. 'நீ வெளிய போனா நானும் போவேன்'னு பொம்பளைங்க புருசனுக்குச் சொல்றது."

"அப்ப இதை உன் பொண்டாட்டியில்ல உடுத்தணும்! அவளை விட்டுட்டுப் பறக்குறவன் நீதான?"

"விட்டுட்டுப் போறது அவதாண்ணே! மூணு வருசமா அங்க நர்ஸு. லீவு முடிஞ்சு நாளைக்குக் கெளம்புறா. அர்த்தம் சொன்னதே அவதான். வழியனுப்ப வாரேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. எனக்கும் அங்க வேலை கெடச்சு, விசா வந்து, டிக்கெட்டும் போட்டாச்சுண்ணே!"