கேட்டில் மாட்டிய விரால்

"அங்கேயே நில்லு மச்சான்!" என்று வாசலில் இருந்தபடியே கையைத் தூக்கினார் கணேஸ்வரன்.

சிவநேசன் கேட்டுக்கு வெளியே நின்றார். ஒரு கையில் மகள் மாதவியின் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டு. இன்னொரு கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு விரால் மீன். நண்பனுக்காகவே செம்பனைக் காட்டு ஓடையில் தூண்டில் போட்டுப் பிடித்தது. சீக்காளி உடம்புக்கு விரால் சாறு நல்லது என்பது அந்தத் தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

சீக்காளியோ, கையில்லாத பனியனும் சாரமும் முகக்கவசமுமாக நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். பனியனை மீறித் தொந்தி எட்டிப் பார்த்தது.

ரத்தப் புற்றுநோய் வந்து சதை போட்ட ஒரே ஆள் இவர்தான் என்று ஊரில் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவரே சிவநேசன்தான். ஒரே லோரியில் செம்பனைக் குலை ஏற்றிய காலத்து உரிமை.

விருந்தாளிகளுக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு நாற்காலி. கொண்டுவந்ததை மாட்ட ஒரு கொக்கி. அதற்கு மேல் உள்ளே யாருக்கும் இடமில்லை. ரத்தம் ஊறும் என்று பப்பாளி இலைச் சாறு கொண்டுவருகிறவர்கள் மட்டும் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே கணேஸ்வரன் அதை மடக் மடக்கென்று குடித்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டுவார்.

"கொரோனாவை உலகமே மறந்துடுச்சு. உனக்கு மட்டும் இன்னும் என்ன?" என்றார் சிவநேசன், விராலைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே.

"உங்களுக்கு வந்தா சளிக்காய்ச்சல். இந்த நோய் இருக்கிற வயசானவங்களுக்கு வந்தா ஆளையே தூக்கிடும்லா. தடுப்பூசி போட்டாலும் உடம்புல சரியாப் பிடிக்காதாம். காலையிலகூட ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுத்தான் வர்றோம்."

"சரி, நீ வர வேணாம். தங்கச்சியை அனுப்பு. கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்."

கணேஸ்வரனின் மனைவி புஷ்பவள்ளி கைராசிக்காரர். தோட்டத்துக் கல்யாணம் எதுவானாலும் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் தடவுவது அவர் கைதான். மண்டபம் முழுக்கத் தாலித்தட்டை ஏந்திப்போய் எல்லாரிடமும் ஆசி வாங்கி வருவதும் அவர்தான். மாதவி பிறந்தபோதே சிவநேசன் சொல்லி வைத்துவிட்டார், இவள் கல்யாணத்துக்கும் தங்கச்சி கைதான் என்று.

"அவ்வளவு கூட்டத்துல போய் இருமலை வாங்கிட்டு வந்தா?" என்றார் கணேஸ்வரன். "வேணாம். அவ வரமாட்டா."

சிவநேசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் ஒரு உயிருக்காகப் பெண்டாட்டியையும் கூண்டில் போட்டு வைத்திருக்கிறானே, இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இவன்!

திட்ட வாயெடுத்தபோது புஷ்பவள்ளியே வெளியே வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை தட்டைத்தான் பார்த்தன.

வெற்றிலைத் தட்டைக் கொக்கியில் மாட்டவா முடியும்? கேட்டருகே வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"புஷ்பா!" என்று துள்ளி எழுந்தார் கணேஸ்வரன். அந்தத் தொந்திக்கு அவ்வளவு வேகம் இருக்குமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தட்டை வாங்கும்போது புஷ்பவள்ளி தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானை நழுவியது. முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. அதைச் சுற்றித் தோல் கன்றிக் கறுத்திருந்தது.

சிவநேசன் கணேஸ்வரனைப் பார்த்தார். மனைவியைத் தடுக்க நீண்ட அந்த இரண்டு வெற்றுக் கைகளிலும் ஒரு கொசு கடித்த தடம்கூட இல்லை.

புஷ்பவள்ளி சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சீக்காளி கையில் தாலித்தட்டைக் கொடுக்க நம் ஆட்களுக்கு மனம் வராது. 'நல்ல காரியமாச்சே' என்று இழுத்து, வேறு கையைத் தேடிப் போய்விடுவார்கள். அது புஷ்பவள்ளிக்கும் தெரியும். அவர் புருஷனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

சிவநேசன் இத்தனை நாள் அடித்த கிண்டலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தது. மீசைக்கார லோரி டிரைவர் கணேஸ்வரன், ஊரார் சிரிப்பையும் பப்பாளி இலைச் சாற்றையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டு அந்த வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறான்!

சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். சிவப்பு நாற்காலியையும் தாண்டிப் பின்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, நீ மண்டபத்துக்கு வர வேணாம். இவனைப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

புஷ்பவள்ளி தலை குனிந்துகொண்டார்.

"ஆனா கல்யாணத்துக்கு முந்தின நாள் தாலிக்கயிறைக் கொண்டுவந்து இந்தக் கொக்கியில மாட்டுவேன். உன் கையாலதான் மஞ்சள் தடவணும். வேற கை எனக்கு வேணாம்."

புஷ்பவள்ளி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "தடவித் தர்றேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கணேஸ்வரன் கொக்கியிலிருந்து விராலை எடுக்க வந்தார். சிவநேசன் தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் உள்ளே கேட்காது என்று உறுதியானதும் சொன்னார்:

"மீனைச் சாறு வச்சு சீக்காளிக்குக் குடுடா. நீ தின்னுடாதே."