சங்கிலி கழன்ற பிறகு

பக்கத்தைத் திருப்பினான். அட்டை வந்தது.

மறுபடியும் பின்னால் போய்ப் பார்த்தான். கடைசி அத்தியாயமே இல்லை. தையலை ஒட்டி, நிதானமாகக் கிழித்திருந்தார்கள்.

பீடி சுற்றக் கிழிக்கிறவன் இப்படிக் கிழிக்க மாட்டான்.

அவனுக்குக் காதெல்லாம் சூடேறியது.

இந்த ஒரு புத்தகத்துக்காக எவ்வளவு கெஞ்சியிருக்கிறான். சிறை நூலகத்தில் இருந்ததெல்லாம் திருந்துவதற்கான புத்தகங்கள். கோபத்தை அடக்குவது எப்படி. அதிகாலையில் எழுவது எப்படி. அதிகாலையில் எழுப்பத்தான் விசில் இருக்கிறதே.

மாதாமாதம் புத்தகப் பை கொண்டுவரும் தொண்டு நிறுவனத்து அம்மாவிடம் கேட்டான். கோட்டை வேண்டும். வாள் வேண்டும். நெருப்புக் கக்கும் டிராகன் வேண்டும். தடியாக இருக்க வேண்டும். நன்றாகவும் இருக்க வேண்டும்.

“டிராகனா? அது சின்னப் பிள்ளைங்க படிக்கிறதாச்சே தம்பி. உங்களுக்கு உபயோகமா ஏதாவது கேளுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மாதமும் அதையே கேட்டான். அதற்கடுத்த மாதமும்.

முதலில் வந்தது மட்டமான சரக்கு. அதில் டிராகன் பேசியது. நீதி வேறு சொன்னது. சுவரில் விட்டெறிந்தான்.

பிறகு இது வந்தது. யாரோ படித்துவிட்டுக் கொடுத்த, முதுகு வெடித்த மொழிபெயர்ப்பு நாவல்.

இதில் டிராகன் பேசவில்லை.

கோட்டைக்கு அடியில், நிலவறையில் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தது. அதன் மூச்சுச் சூட்டில்தான் மேலே அரண்மனை குளிர்காய்ந்தது. ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். அது அங்கேயே கிழடானது. கடைசியில் லாடம் அடிப்பவனின் மகள் ஒருத்தி சாவியைத் திருடிக்கொண்டு படியிறங்குகிறாள். சங்கிலியைக் கழற்றுகிறாள்.

அங்கே அட்டை.

நூலக ஏட்டின்படி அவனுக்கு முன்னால் இதை எடுத்துப் படித்தவர் ஒரே ஒருவர்தான். அடுத்த பிளாக் காசிலிங்கம். ஆயுள் கைதி. முன்விடுதலை கேட்டு அவர் போட்ட மனு இந்த முறையும் திரும்பி வந்திருந்தது.

மத்தியானம் கதவு திறந்ததும் நேரே போனான். தொட்டியடியில் சட்டையை அலசிக்கொண்டிருந்தார்.

“எங்க?” என்றான், புத்தகத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி.

“நான்தான் கிழிச்சேன்.”

அடுத்த மாதம் அவனுக்கு விடுதலை. இப்போது ஓர் அடி அடித்தால் போதும், நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைந்த நாளெல்லாம் மறுபடியும் ஏறிவிடும். அது அவனுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அவருடைய பனியனைக் கொத்தாகப் பிடித்துவிட்டது.

“எதுக்குக் கிழிச்சீங்க?”

“அவ அதை வெளிய கூட்டிட்டு வர்றா. வாசல்லயே வச்சுக் கொன்னுடுறானுங்க.” அவர் திமிறவில்லை. “நீ போகப் போறவன். அதை எதுக்கு நீ படிக்கணும்?”

பிடி இறுகியது.

“எனக்கு எது வேணும் வேண்டாம்னு சொல்ல நீங்க யாருண்ணே? எப்ப எந்திரிக்கணும், எப்ப திங்கணும், எதைப் படிச்சா திருந்துவேன்... எல்லாத்தையும் எவனாவது ஒருத்தன் முடிவு பண்றான். இது ஒண்ணுதான் நானாக் கேட்டு வாங்குனது. இதையும் நீங்க முடிவு பண்ணிட்டீங்க.”

கேட்டருகே நின்ற வார்டர் திரும்பினார். “என்னடா அங்க?”

“ஒண்ணுமில்ல சார்,” என்றார் காசிலிங்கம். “கதை பேசிட்டிருக்கோம்.”

கையை எடுத்தான்.

அவர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். வரும்போது கையில் அந்தத் தாள்கள் இருந்தன. ஒரு மடிப்புக்கூட விழாமல்.

“கிழிச்சேன். எறிய மனசு வரல.”

நின்றபடியே படித்தான்.

பனி பெய்கிறது. கோட்டைக் கதவு திறக்கிறது. டிராகன் வெளியே வருகிறது. ஓடவில்லை. பறக்கவில்லை. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில்தான் ஈட்டிகள் பாய்கின்றன.

வேடிக்கை பார்க்க வந்த ராஜாவின் அங்கிக்கு அரைப் பக்கம். அது செத்ததற்கு ஒரு வரி.

“மடையன்,” என்றான்.

“யாரு?”

“எழுதுனவன்.” இன்னும் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அடிக்க வேண்டியவன்தான் எதிரில் இல்லை. “அங்கிக்கு அரைப் பக்கமாம். அத்தனை காலம் கட்டிக் கிடந்தது, ஈட்டி எந்தப் பக்கம் இருந்து வரும்னு அதுக்குத் தெரியாதா? சங்கிலியில கிடந்தா புத்தி போயிடுமா?”

தாள்களைப் புத்தகத்துக்குள் திணித்து மூடினான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான்.

“நான் சொல்றேன், கேளுங்க. அவ சங்கிலியைக் கழட்டுறா. அதுவரைக்கும் சரி. கதவு திறக்குது. அது வானத்தைப் பார்க்கல. ஈட்டிக்காரனைப் பார்க்குது. ஒரே ஒரு மூச்சு. அவ்வளவுதான். ராஜா, அங்கி, கோட்டைக் கேட்டு, எல்லாம் போச்சு. அவளை முதுகுல ஏத்திக்கிட்டு மதிலைத் தாண்டிடுது.”

காசிலிங்கம் சட்டையைப் பிழியாமல் அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு எதிரில் குந்தினார். கண் அவன் வாயிலேயே இருந்தது.

“தாண்டி?” என்றார்.

அவன் வாயைத் திறந்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அது எங்கே போகும் என்று அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.