வீட்டுக்குள் எதிர்க்கட்சி

"எழுதி வச்சுக்குங்க மாமா. இன்னும் நூறு வருஷத்துக்கு டாலரை ஒருத்தனும் அசைக்க முடியாது."

சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்தார் மாப்பிள்ளை. ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தார். பெரியவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே அப்படியே நின்றது.

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? ஊருக்கே தெரியும். இந்தச் சீனா கீனா எல்லாம் நாலு நாள் கூத்து."

"உங்க கையில இருக்கிற போன் எங்க செஞ்சது மாப்பிள்ளை? தலைக்கு மேல எரியுற பல்பு எங்க செஞ்சது? பொருள் செய்றவன் கையிலதான் நாளைக்கு உலகம். நோட்டு அடிக்கிறவன் எத்தனை நாளைக்கு அடிச்சுக்கிட்டே இருப்பான்?"

"அடிக்கிற மெஷின் அவன்கிட்டதானே மாமா இருக்கு."

பெரியவருக்கு மூக்கு விடைத்தது. அந்தக் கோபத்திலேயே இரண்டு வாய் கூடுதலாக உள்ளே போனது. தண்ணீர் குடித்தார், தொண்டையைக் கனைத்தார், இன்னும் கொஞ்சம் வை என்று மகளிடம் தட்டை நீட்டினார்.

மாப்பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

விஷயம் வேறொன்றுமில்லை. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு பெரியவர் இளைய மகள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து, ஊரில் உள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கிய மனுஷன், கட்டிலைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். மகள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். ஒரு வார்த்தை பேச வேண்டுமே, ம்ஹூம். இப்படியே போனால் இவரும் அத்தை பின்னாலேயே கிளம்பிவிடுவார் என்று மாப்பிள்ளை பயந்துபோனார்.

ஒருநாள் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஏதாவது பேச வேண்டுமே என்று, "தங்கமெல்லாம் இனிமே தகரம் விலைதான் மாமா" என்று சொல்லிவைத்தார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன மாப்பிள்ளை, விவரம் தெரியாம பேசுறீங்க?" என்றார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் எதிர்க்கட்சி. மாமனார் கிழக்கு என்றால் இவர் மேற்கு. பெட்ரோல் விலை ஏறும் என்றால் இறங்கும். பாங்க் கவிழும் என்றால் நிமிரும். இதற்காகவே விடியும் முன் எழுந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். தப்பாகப் பேசுவது லேசுப்பட்ட வேலையா என்ன? சரி எது என்று தெரிந்தால்தானே அதைத் தப்பாகச் சொல்ல முடியும். மாமனாரும் சளைத்தவரில்லை. தெருமுனை நூலகம் வரை நடந்துபோய் ஆதாரத்தோடு திரும்பிவந்தார். நடந்து போனார் என்பதே பெரிய சங்கதி.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீடியோ காலில் இந்தச் சத்தத்தை மூத்த மகள் கேட்டுத் தொலைத்தாள்.

"அப்பாவை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களாடி? ஞாயித்துக்கிழமை வந்து நான் கூட்டிட்டுப் போறேன்" என்று தங்கையிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூத்தவள் நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் பூட்டினால் இருட்டிய பிறகுதான் கதவு திறக்கும். பெரியவர் மறுபடியும் வாய் மூடி, வயிறு மூடி உட்கார்ந்துவிடுவார்.

"ஏங்க, நீங்க கொஞ்சம் மெதுவா பேசியிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"மெதுவா பேசினா உங்கப்பா சாப்பிட மாட்டாரே. அமெரிக்கா என்ன எனக்கு மாமனா மச்சானா, வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு? எல்லாம் அவருக்காகத்தான்."

மனைவி அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். மாமனாரிடமே மனசைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதான். உங்களைப் பிடிக்காமல் சண்டை போடவில்லை மாமா, போகாதீங்க. இதைச் சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

டீயோடு அறைக்குப் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெரியவர் மூத்த மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, நான் வரலை. நான் வந்துட்டா மாப்பிள்ளையோட சண்டை போட இங்க யார் இருக்கா?"

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உன் தங்கச்சி உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டா. நானே சொல்றேன், கேட்டுட்டு மனசோட வச்சுக்க. எங்கேயோ கடல் தாண்டி ஜனங்க சட்டை வாங்குறதைக் குறைச்சுட்டாங்களாம். இங்க மாப்பிள்ளை வேலை பார்த்த பட்டன் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. அன்னையிலேருந்து மனுஷன் ஷேவ் பண்ணலை, யார் முகத்தையும் பார்க்கலை. போர்வையை இழுத்து மூடிக்கிட்டுக் கிடந்தார். ஒருநாள் டீ கொண்டு வந்தப்ப தங்கம் தகரமாயிடும்னு ஏதோ உளறினார் பாரு, அதுதான் நான் இங்க வந்து அவர் வாயிலேருந்து கேட்ட முதல் பேச்சு. கப்புனு பிடிச்சுக்கிட்டேன். இப்ப என்னைத் தோற்கடிக்கணும்னே விடியுமுன்ன எந்திரிக்கிறார். டாலரும் சீனாவும் யாருக்கும்மா வேணும்? அவருக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் நான் இந்தச் சண்டையை விடுறதா இல்லை."