கத்திக்கு அடியில் ஒரு கழுத்து

"முதல்லயே கேட்டுக்கறேன். நெஜமாவே சவரந்தானா, இல்ல நான் ஈ ஓட்டுறதை வேடிக்கை பார்க்க வந்தியா?"

சலூன்காரர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. வாசலில் முகமெல்லாம் தூசியோடு நின்றவன் மெஷின்காரன். எதிர்ச்சாரிக் கடைகளை மொத்தமாக இடித்துவிட்டுப் பல மாடி வளாகம் கட்டுகிறார்களே, அங்கே இரும்புத் தூணை மண்ணுக்குள் அடித்து இறக்கும் ராட்சத மெஷினை ஓட்டுகிறவன்.

மடேர்!

கண்ணாடி அதிர்ந்தது. தட்டில் இருந்த சீப்புகள் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தன.

"நீ இங்க நிக்கிறே. அங்க யாரு அடிக்கிறா, உன் மாமனாரா?"

"மாத்து ஆளு ஏறியிருக்கான்ணே. ஷேவிங்தான். பண்ணுங்க."

இந்த அடிதான் சலூன்காரர் சோற்றில் மண்ணைப் போட்டது. போன வாரம் பழைய தபால்காரருக்குச் சவரம் பண்ணும்போது விழுந்த அடியில் கை எகிறி, கன்னத்தில் ஒரு கோடு. சின்னக் கீறல்தான். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'அவர்கிட்டப் போனா காது மிஞ்சாது' என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. அன்றைக்குக் காலியான நாற்காலிதான்.

மச்சான் இவருக்கு ஒரு பெரிய சலூனில் வேலை பார்த்து வைத்திருக்கிறான். இன்று கடையைச் சாத்தியதும் சாவியைக் கட்டட ஓனரிடம் கொடுத்துவிட வேண்டியது. சொந்தக் கடை வைத்தவன், இனி இன்னொருத்தன் கடையில் துண்டு உதற வேண்டியது.

அதற்குக் காரணமானவன் இதோ, மாப்பிள்ளை மாதிரி வந்து சாய்கிறான்.

"சேரை வாசல் பக்கமா திருப்புங்கண்ணே. கதவும் தொறந்தே இருக்கட்டும்."

"ஏன், தொரைக்குக் காத்து வேணுமோ?"

"ஆமாண்ணே."

திமிரைப் பாரு! சலூன்காரர் அவன் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல், தண்ணீரைத் தெளித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி நுரையை அப்பினார். கத்தியில் புது பிளேடை மாட்டினார்.

"தம்பி, உன் மெஷின் அடிச்சா என் கை நிக்காது. கழுத்துல பட்டா நான் பொறுப்பில்ல."

"படாதுண்ணே. சுத்தியலைத் தூக்கறப்போ அது 'உஸ்'ஸுன்னு ஒரு மூச்சு விடும். அப்புறந்தான் அடிக்கும். மூச்சு கேட்டதும் கையை எடுத்துடுங்க."

"என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

"உங்க தொழில் இல்லண்ணே. இது என் தொழில்."

சொல்லிவிட்டு அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டான். மொத்தக் கழுத்தும் கத்திக்கு அடியில்.

ஒரு நொடி சலூன்காரர் மனசில் என்னமோ ஓடியது. அதைக் கட்டின பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்ல மாட்டார்.

உஸ்ஸ்...

கையை எடுத்தார். மடேர்!

ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. உஸ்ஸ்... எடுத்தார். மடேர்! அட, இத்தனை நாளா இந்த மூச்சு நம்ம காதுல விழலையே!

வாசலில் நிழல் தட்டியது. ஜெராக்ஸ் கடைக்காரர் குரல்.

"யோவ், இங்க வாங்கய்யா! மெஷின்காரனே கழுத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கான்!"

"அவனுக்கென்ன, அடி எப்ப விழும்னு தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சு என்னய்யா பிரயோசனம்? கத்தி வெச்சிருக்கறவருக்கில்ல தெரியணும்!"

கும்பல் சேர்ந்துவிட்டது. சலூன்காரர் திரும்பவில்லை. காது மெஷின் மேல், கண் குரல்வளை மேல். கத்தியை மட்டும் அவ்வப்போது பக்கத்தில் கிடந்த பேப்பரில், பார்க்காமலேயே வழித்துக்கொண்டார். முதுகெல்லாம் வேர்வை.

ஒரு வழியாக முடிந்தது. மெஷின்காரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"கை பஞ்சு மாதிரிண்ணே! ஒரு கீறல் இல்ல!"

மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்திவிட்டு, கும்பலுக்குள் புகுந்து போய்விட்டான்.

அந்தக் கும்பலை விலக்கிக்கொண்டு தபால்காரர் உள்ளே வந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி.

"அதே கைதானே?"

"அதே கைதாங்க."

"அப்ப என்னை மட்டும் ஏன்யா கீறினே?"

"அன்னிக்கு அது மூச்சு விடறது எனக்குத் தெரியலைங்க."

"எது?"

"உக்காருங்க, சொல்றேன்."

உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலேயே இரண்டு பேர் வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள். சலூன்காரர் துண்டை ஒரு உதறு உதறித் தபால்காரர் தோளில் போட்டார். வாய் சும்மா இருக்குமா?

"பார்த்தீங்களா அவன் திமிரை? சேரைத் திருப்புங்கறான், கதவைத் தொறங்கறான். என்னமோ கடையே அவன் கடை மாதிரி..."

சொல்லிக்கொண்டே பழைய பேப்பரைச் சுருட்டிப் போட எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

பேப்பர் நிறைய வெள்ளை வெளேரென்று நுரை. அதில் தேடினாலும் ஒரு முடி இல்லை.

பாவி, வீட்டிலேயே வழவழவென்று சவரம் பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.