வடக்கே போகும் கூடு

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் தூக்கணாங்குருவி ஒரு கூடு கட்டியிருந்தது. அதைக் குளிர்காலத்துக்கு வந்திருந்த வடநாட்டு வாத்துகளிடம் விற்றுத் தருவதாக மைனா முன்வந்தது.

"அவங்க பாஷை எனக்கு அத்துப்படி. நீ வாயைத் திறக்காம பக்கத்துல நில்லு, அது போதும்."

ஒரு வாரமாகக் கூட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டிய குருவி, அலகில் புல்லிழையைக் கவ்வியபடி கிளையோரமாக நின்றது.

வாத்துக் கூட்டத்தின் தலைவி கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதுக்குள்ள நாங்க நுழைய முடியுமா?"

"பெருசாக்கிடலாம்மா," என்றது மைனா.

"எங்க ஊர்ல பனிக்கட்டி மழையா கொட்டும். தாங்குமா?"

"அதுக்குன்னே கட்டினதும்மா இது."

குருவி பனிக்கட்டியைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் தலையை ஆட்டிவைத்தது.

"இன்னொண்ணு, எங்க ஊர்ல மரமே கிடையாது. வெறும் புல்வெளிதான். அங்கேயும் தொங்குமா?"

குருவியின் அலகிலிருந்து புல்லிழை நழுவிக் கீழே விழுந்தது.

"தொங்கும். நீங்க ஊர் திரும்பறதுக்குள்ள அந்த வசதியையும் சேர்த்துடுவோம்," என்றது மைனா, கண்ணை இமைக்காமல்.

தலைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ இந்தச் சித்திரையில எங்க முட்டையெல்லாம் இதுலதான்!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

"அண்ணே, மரமில்லாம எப்படிண்ணே தொங்கும்?" என்றது குருவி.

"என்னைக் கேட்டா? கட்டுறவன் நீதானே," என்ற மைனா, அடுத்த ஏரிக்கு வந்திருந்த பூநாரைகளைப் பார்க்கக் கிளம்பியது.

குருவி கீழே இறங்கிப் புல்லிழையைப் பொறுக்கியது. பிறகு, அதை எங்கே முடிச்சுப் போடலாம் என்று வானத்தை அண்ணாந்து பார்த்தது.